சூனியக்காரிகளின் ஊரில் ஒரு மரப் பூசணி

சேலம் என்றால் நமக்கு மாம்பழம், இரும்பாலை, ஏற்காடு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். அமெரிக்காவில் சேலம் என்றால் சூனியக்காரி! பாஸ்டன் நகரில் புறநகர் ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் இந்த இன்னொரு சேலம் வந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பழைய துறைமுக ஊர். 1626-ல் ஆங்கிலேயர்கள் வந்து குடியேறினார்கள். 'அமைதி' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து ஊருக்குப் பெயர் வைத்தார்கள்.

அந்த அமைதி அக்டோபர் மாதத்தில் மட்டும் கிடைக்காது. ஊரின் மக்கள்தொகை சுமார் 44 ஆயிரம். ஹாலோவீன் மாதத்தில் வந்து போகிறவர்களோ பத்து லட்சத்தைத் தொடுகிறார்கள். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும், ரயில்தான் புத்திசாலித்தனம். எசெக்ஸ் தெருவில் கூம்புத் தொப்பிகள் அலையடிக்கும். ரப்பர் கை, பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பட்டனை அழுத்தினால் கதறும் பொம்மை எனக் கடைக்குக் கடை ஒரே சத்தம். ஊர்ப் போலீஸ் காரின் சின்னத்திலேயே துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள். உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிக்கும் அவள் பெயர்தான்.

சரி, நிஜத்தில் இங்கே சூனியக்காரி இருந்தாளா? ஒருத்தியும் இல்லை. அதுதான் இந்த ஊரின் சோகம்.

1692-ல் சில சிறுமிகளுக்கு விநோதமான வலிப்பு வந்தது. யாரோ சூனியம் வைத்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. அக்கம்பக்கத்தார் ஒருவர் மீது ஒருவர் கைநீட்ட, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குற்றம்சாட்டப்பட்டார்கள். ஜூன் 10-ம் தேதி பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். செப்டம்பர் 22-க்குள் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர், வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்தார். அவர் மேல் பாறாங்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். 'நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். 'செய்யாத குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது?' என்று நின்றவர்கள்தான் செத்தார்கள்.

இந்த வழக்குகளுக்கும் ஹாலோவீனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அன்றைய சேலத்தை ஆண்ட பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸைக்கூடக் கொண்டாடாதவர்கள். ஹாலோவீனை அமெரிக்காவில் பரப்பியவர்கள், பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே குடைவதற்குச் சுலபமான பூசணிக்கு மாறினார்கள். சேலத்தில் அக்டோபர் திருவிழா தொடங்கியதோ 1982-ல்தான். சூனியக்காரிப் பெயரும் பேய்த் திருநாளும் ஒன்றாகச் சேர, நல்ல வியாபாரம் ஆயிற்று. 2005-ல் ஒரு டி.வி. தொடரின் சூனியக்காரிக் கதாநாயகிக்கு ஊர் நடுவில் வெண்கலச் சிலை வைத்தபோது, 'செத்தவர்களைக் கேலி செய்கிறீர்களா?' என்று உள்ளூரிலேயே எதிர்ப்பு எழுந்தது. சிலை இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கக் கூட்டம் முண்டியடிக்கிறது.

கூட்டத்திலிருந்து பிரிந்து சார்ட்டர் தெருக் கல்லறைக்குள் நுழைந்தால் வேறொரு ஊர். கரும் ஸ்லேட் பலகைக் கற்களில் சிறகு முளைத்த மண்டையோடு, மணல் கடிகாரம், குறுக்கே வைத்த எலும்புகள். பயமுறுத்துவதற்காகச் செதுக்கியவை அல்ல. 'உனக்கும் ஒருநாள் இதுதான், நல்லபடியாக இரு' என்று நடப்பவருக்குச் சொல்வதற்காக. நூறு ஆண்டு கழித்து வந்த கற்களில் மண்டையோட்டுக்குப் பதில் தேவதை முகம். 1800-ஐ ஒட்டி அதுவும் மாறி, ஒரு கலசமும் அதன் மேல் தலை சாய்க்கும் வில்லோ மரமும். பழைய ஸ்லேட் பொடிந்துவிடக் கூடியது. கை வைக்காமல் பார்ப்பதே மரியாதை.

இந்தக் கல்லறையில் உறங்குபவர்களில் ஒருவர் சாமுவேல் மெக்கின்டயர். 1757-ல் சேலத்திலேயே ஒரு தச்சர் வீட்டில் பிறந்து, 1811-ல் இங்கேயே இறந்தவர். அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றவர், ஊரின் கப்பல் முதலாளிகளுக்கு மாளிகை கட்டும் அளவுக்கு வளர்ந்தார். இந்தியாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் துணியும் மிளகும் வந்து இறங்கிய காலம் அது. அந்தக் காசுதான் இவர் கையில் மரச் செதுக்கலாக மாறியது. செஸ்ட்நட் தெருவில் அவர் வடிவமைத்த ஹாமில்டன் ஹால் 1805-லிருந்து நிற்கிறது. எசெக்ஸ் தெருவின் கார்ட்னர்-பிங்ரீ மாளிகை அதற்கு ஒரு வயது மூத்தது. அங்கே கணப்பு அடுப்பைச் சுற்றியுள்ள மரச் சட்டத்தில் கோதுமைக் கதிர்க்கட்டும் பழக்கூடையும் செதுக்கியிருக்கிறார். மணிகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

அழகான அந்த வீட்டில்தான் 1830-ல் ஜோசப் வைட் என்ற முதிய கப்பல் முதலாளி படுக்கையிலேயே கொலை செய்யப்பட்டார். நாட்டையே உலுக்கிய வழக்கு அது. வெளியே கதறும் பொம்மைகள் எதுவும் இல்லை. ஆனால், இந்தத் தகவல் தெரிந்த பிறகு அந்த மாடி ஜன்னலைப் பார்த்தால் முதுகு லேசாகச் சில்லிடும்.

கை வேலையில் ஆர்வமுள்ள பெரியவர்கள் ஹாலோவீனுக்கு மரத்தில் செய்யும் அலங்காரங்களின் சூட்சுமமும் இதுதான். ரத்தம் இல்லை, பல் இளிப்பு இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் கடைந்தெடுத்த மூன்று பூசணிகள். ஜன்னல் விளிம்பில் கறுத்த ஓக் மரத்தில் ஓர் அண்டங்காக்கை. அதன் பக்கத்தில் உயரம் மாறி மாறி நிற்கும் மெழுகுவத்தித் தண்டுகள். பகலில் பார்த்தால் அழகுப் பொருள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் வேறு ஏதோ. அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையே பல வீடுகளில் தச்சுப் பட்டறையும் என்பதால், செப்டம்பர் பிறந்ததுமே ரம்பச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

லேத் இருக்கிறவர்களுக்குப் பூசணி சுலபம். மரத்துண்டை உருளையாகக் கடைந்து, மேலும் கீழும் தட்டையான உருண்டையாக்குவார்கள். பிறகு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காம்பிலிருந்து அடிவரை எட்டுக் கோடுகள் பென்சிலால் போட்டு, குழி உளியால் ஒவ்வொரு கோட்டையும் பள்ளமாக்குவார்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். பள்ளங்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருந்தால் பிளாஸ்டிக் பூசணி மாதிரி ஆகிவிடும். ஒன்று கொஞ்சம் சாய்ந்து, ஒன்று ஆழமாகப் போனால்தான் தோட்டத்தில் காய்த்தது மாதிரி இருக்கும். காம்புக்குத் தனி மரம், வால்நட் போலக் கறுத்த ஜாதி. அதையும் லேசாக வளைத்துச் செதுக்கினால் பாதி உயிர் வந்துவிடும். லேத் இல்லாதவர்கள் வேலிக்கம்பத்தில் மிஞ்சிய சதுரக் கட்டையை 10, 15, 20 சென்டிமீட்டர் உயரங்களில் அறுத்து, முனைகளை இழைத்து மழுக்கி, உச்சியில் துளை போட்டு ஒரு சுள்ளியைச் சொருகிவிடுகிறார்கள். கண், மூக்கு வரையத் தோன்றும். வரையக் கூடாது! முகம் வைத்தால் அக்டோபர் 31-ம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்தது. வைக்காவிட்டால் நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் நாள் விருந்துவரை மேஜையில் இருக்கலாம்.

வௌவாலுக்கு மெல்லிய பிளைவுட் போதும். காகிதத்தை இரண்டாக மடித்து ஒரு பக்கச் சிறகை வரைந்து வெட்டிப் பிரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல வரும். அந்த அச்சை மரத்தில் ஒட்டி, மெல்லிய பிளேடு உள்ள ரம்பத்தால் அறுக்க வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டு விளிம்பைத் தேய்க்காமல் விட்டால் வேலை பார்த்தவரின் அவசரம் அப்படியே தெரியும். கல்லறையில் பார்த்த கலசத்தையும் வில்லோவையும் இதேபோல வெட்டி ஜன்னலில் நிறுத்தினால், பின்னால் விளக்கு வைத்ததும் நிழல் சுவரில் சாயும். இதைவிட சேலத்துக்குப் பொருத்தமான அலங்காரம் வேறு கிடைப்பது கஷ்டம்.

இனி கறுப்பு. பெயின்ட் அடித்தால் மரத்தின் ரேகை மறைந்துபோகும். அதனால், விஷயம் தெரிந்தவர்கள் வேறு வழியில் போகிறார்கள். மரவேலைக்கு விற்கும் சாதாரண இரும்புக் கம்பி நாரைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு கண்ணாடி ஜாடியில் வினிகர் ஊற்றி ஊறவைக்கிறார்கள். துருப் பிடிக்காத ஸ்டீல் நார் இதற்கு உதவாது. மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும். சில நாட்களில் கிடைக்கும் தண்ணீரை வடிகட்டி ஓக் மரத்தில் தடவினால், கண்ணெதிரே சாம்பல் நிறமாகி, சில நிமிடங்களில் கருத்துவிடும். ஓக் மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. பைன் மரத்தில் அந்தத் துவர்ப்புக் குறைவு. அதற்கு முதலில் பால் விடாத ஸ்ட்ராங்கான டீ டிகாக்‌ஷனைப் பூசி, காயவிட்டு, பிறகு இரும்புத் தண்ணீர்.

நம் கலம்காரிக் கலைஞர்களுக்கு இது பழைய சமாசாரம். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துவிட்டு, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரால் கோடு இழுத்தால் கறுப்பு வருகிறதே, அதே ரசாயனம்! கடைசியில் மினுக்கத்துக்குப் பூசும் ஷெல்லாக்கும் நமக்கு அந்நியமில்லை. அது நம் அரக்குதான். அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் சுரப்பது. உலகுக்கு அதிகம் அனுப்பும் நாடுகளில் முன்னணியில் இருப்பது இந்தியா.

அரக்குக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடித்துவிடும். விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் அமுக்கிவைக்க வேண்டும். மரத் தண்டுகளில் நிஜ மெழுகுவத்தி வைப்பதும் ஆபத்துதான். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கே போதும். பேய்க்குப் பயப்படாவிட்டாலும் நெருப்புக்குப் பயப்படலாம்.

ஹாலோவீன் என்ற சொல்லுக்கு, புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தைய மாலை என்றுதான் பொருள். நவம்பர் 1 புனிதர்களுக்கு, 2 இறந்த எல்லோருக்கும். அந்த 2-ம் தேதிதான் நம்மூரில் கல்லறைத் திருநாள். தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அதற்கு இரண்டு நாள் முன்னால் வருவதுதான் இந்தக் கூத்தெல்லாம்.

சேலத்திலும் பூ வைக்க ஓர் இடம் இருக்கிறது. சார்ட்டர் தெருக் கல்லறையை ஒட்டியே, சம்பவம் நடந்து 300 ஆண்டுகள் கழித்து 1992-ல் திறக்கப்பட்ட நினைவிடம். நோபல் பரிசு பெற்ற எலி வீசல் வந்து அர்ப்பணித்தது. சூனியக்காரி படம் ஒன்றுகூட இல்லை. தாழ்வான கருங்கல் சுவர், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 20 கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த விதம், தேதி. வாசல் தரைக் கற்களில், 'நான் நிரபராதி' என்று அவர்கள் நீதிமன்றத்தில் மன்றாடிய சொற்கள் பொறித்திருக்கின்றன. சில வாக்கியங்கள் பாதியிலேயே சுவருக்கு அடியில் போய் மறைந்துவிடுகின்றன. கடைசிவரை படிக்க முடியாது.

தண்டனை பெற்றவர்களின் பெயர்களைச் சட்டப்படி துடைக்கும் வேலை 2022 வரை இழுத்தது. கடைசியாக மீட்கப்பட்டவர் எலிசபெத் ஜான்சன் ஜூனியர். தண்டனை விதிக்கப்பட்டும் தூக்கிலிருந்து தப்பிய பெண். அவர் பெயர் விடுபட்டுப் போன விஷயத்தை மாநிலச் சட்டமன்றம்வரை கொண்டுபோனவர்கள், அதே மாநிலத்தின் வேறோர் ஊரைச் சேர்ந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியையும்.

நினைவிடத்தின் நடுவே லோகஸ்ட் மரங்கள். வசந்தத்தில் கடைசியாகப் பூக்கும், இலையுதிர் காலத்தில் முதலில் மொட்டையாகும் என்பதால் தேர்ந்தெடுத்து நட்டவை. அக்டோபர் கடைசியில் கூம்புத் தொப்பிக்காரர்கள் எசெக்ஸ் தெருவில் நெருக்கியடிக்கும்போது, இங்கே மரங்களுக்கு அடியில் மஞ்சள் இலைகள் கிடக்கும். கல் பலகைகளின் மேல், யாரோ வைத்துவிட்டுப் போன பூக்களும் இருக்கும்.