கெரேத்தரோவுக்கு வந்த பார்சல்

ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து வரும் மூட்டையைப் போல் இனிய விருந்தாளி வேறில்லை. சித்திரை வெயிலில் இட்ட வடாம், புது மாவடு, மாமியார் கையால் இடித்த குழம்புப்பொடி ஆகியவை பழைய வேட்டித் துணியில் தைக்கப்பெற்று, மேலே மையால் விலாசம் எழுதப்பெற்று வந்து சேரும்போது, வீட்டில் உள்ளோர் அனைவரும் கத்தரிக்கோலைத் தேடி ஓடுவதை நம் சங்கத்து அன்பர்கள் அறிவார்கள். அந்த மூட்டை வந்து சேருவதற்கு எத்தனை கைகள் வேண்டும், எத்தனை எழுத்துகள் சரியாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது இங்கேயன்று. மெக்ஸிகோ நாட்டில் கெரேத்தரோ என்னும் நகரத்தில். இத்தனைக்கும் நடுவிந்தியாவில் ஒரு ரயில் சந்திப்பின் பார்சல் காரியாலயத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குமாஸ்தா வேலை பார்த்து வருகிறவர்கள் நாங்கள்.

துணைவியாரின் தங்கையும் அவள் கணவரும் கெரேத்தரோவில் வாழ்கிறார்கள். அவருக்கு அங்கே கணிப்பொறித் தொழில். மைத்துனிக்குத் தலைப்பிரசவம் நெருங்கிற்று. கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்கு மூட்டுவலி. அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து வர இயலாது. ஆகவே சேர்த்து வைத்திருந்த விடுமுறையை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் புறப்பட்டோம். பயணச் செலவைச் சகலர் ஏற்றுக்கொண்டார்.

கெரேத்தரோ, தலைநகரான மெக்ஸிகோ நகரத்துக்கு வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டரில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் உண்டு, வியர்வை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்லாலான நீர்ப்பாலம் ஒன்று 74 வளைவுகளோடு ஊரின் கிழக்கே நிற்கிறது. பழைய நகரத்தின் கல் வீதிகளை 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருக்கிறார்கள்.

தபால் பற்றி எழுத வந்த எங்களுக்கு இந்நகரத்தில் மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. 1810ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக இங்கே நடந்துவந்த ரகசிய ஆலோசனை வெளிப்பட்டுவிட்டது. ஆலோசனையில் பங்குகொண்ட தோஞா ஹோசெஃபா என்னும் மாதரசி, நகர அதிகாரியின் மனைவி, தம் அறையில் பூட்டப்பட்டிருந்தார். அவர் காலால் தரையைத் தட்டிக் கீழேயிருந்த சிறைக் காவலரை அழைத்துச் செய்தியைச் சொல்ல, அவர் குதிரையேறி சான் மிகேல் என்னும் ஊருக்கு விரைந்தார் என்று அந்நாட்டுக் குழந்தைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அச்செய்தி பாதிரியார் மிகேல் இதால்கோவை அடைந்து, செப்டம்பர் 16ஆம் நாள் விடுதலைப் போர் தொடங்கிற்று. 1856இல் மெக்ஸிகோ தன் முதல் தபால்தலையை வெளியிட்டபோது அதில் பொறித்தது அந்த இதால்கோவின் உருவத்தையே. வேளைக்குச் சேர்ந்த ஒரு செய்தி ஒரு நாட்டையே உண்டாக்கியது எனலாம்.

இனி, அங்கே வீட்டுக்குத் தபால் வரும் விதம். காலையிலிருந்து தெருவில் விதவிதமான ஒலிகள் கேட்டுக்கொண்டே இருக்கும். சாணை பிடிப்பவர் ஓர் ஊதலை ஏற்றி இறக்கி ஊதுவார். குப்பை வண்டிக்கு மணி. மாலையானால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேக வைத்து விற்கும் தள்ளுவண்டி, நீராவியை வெளியேற்றிக் கூவும். முதல் நாள் அதைக் கேட்டுப் பழைய நீராவி எஞ்சின்தான் வந்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடினோம். துணைவியார் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். உண்மையில் அந்நகர் வழியாகச் சரக்கு ரயில்கள் ஓடுகின்றனவே தவிர, பயணிகள் ரயில் 1990களின் இறுதியிலேயே நின்றுவிட்டது. தலைநகரிலிருந்து புதிய பயணிகள் பாதை போடும் பணி 2025இல் தொடங்கியிருக்கிறது. இத்தனை ஒலிகளுக்கும் நடுவே ஒரு விசில் கேட்டால் அது தபால்காரர். நவம்பர் 12ஆம் நாளைத் தபால்காரர் தினமாகக் கொண்டாடும் நாடு அது.

ஆயினும் பார்சலுக்குத் தபாலை மட்டும் நம்புவோர் அங்கே குறைவு. அவசரமென்றால் தனியார் கூரியரிடம் கொடுக்கிறார்கள்; கட்டணம் அதிகம். ஒரு மணிப் பயணத்தில் உள்ள சான் மிகேல் தெ அயெந்தேயில் ஓய்வுபெற்ற அமெரிக்கர் பலர் குடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லைக்கு அப்பால் டெக்ஸாஸின் லரேதோ நகரத்து விலாசம் ஒன்றைக் கட்டணம் செலுத்தி வைத்துக்கொள்கிறார்கள்; அங்கே சேரும் கடிதங்களை வண்டியேற்றிக் கொண்டுவந்து தருவதற்கென்றே நிலையங்கள் உண்டு. எங்களைப் போன்றோருக்கு லரேதோ ஏது? கும்பகோணத்துத் தபால் நிலையமே கதி.

அத்தை அனுப்ப விரும்பியவை இவை: காலஞ்சென்ற பாட்டியின் பழைய நூல் சேலை இரண்டு, தூளி கட்டுவதற்கு, கறுப்பு அரைஞாண் கயிறு, கருகமணி வளை, சுக்கு, திப்பிலி, வசம்பு, ஒரு கடிதம். தாவரப் பொருள்களை மெக்ஸிகோவில் கடுமையாகச் சோதிப்பார்கள் என்று சொல்லி மருந்துச் சரக்கை நாங்கள் தடுத்துவிட்டோம். “வசம்பு இல்லாமல் ஒரு குழந்தையா, மாப்பிள்ளை?” என்று அத்தை தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார். நல்லவேளையாக, ஊர்ச் சந்தையில் இஞ்சி, சீரகம், எள், தேங்காய், கூம்பு வடிவில் வார்த்த வெல்லம் எல்லாம் கிடைத்தன. புளியைக் குவித்து வைத்து, அதைக் கரைத்துப் பானகம் போல் விற்கிறார்கள். ஒருகாலத்தில் மணிலாவிலிருந்து அகாபுல்கோ துறைமுகத்துக்குப் பசிபிக் கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்த ஸ்பானியக் கப்பல்கள், 1565 முதல் 1815 வரை, கீழ்நாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கின. அங்கே ஒரு மாம்பழ வகைக்கு இன்றும் மணிலா என்றே பெயர். நம் சமையலுக்கு மிளகாயைத் தந்த நாடு அது. விலாசமே இல்லாமல் உலகைச் சுற்றி வந்த பார்சல் மிளகாய்தான்.

ஆனால் எங்கள் பார்சலுக்கு விலாசம் இருந்தது. அதுதான் தவறாக இருந்தது. தவறு எங்களுடையது. அத்தை தொலைபேசியில் கேட்க, பக்கத்து வீட்டுப் பையன் எழுத, நாங்கள் அவசரமாகச் சொன்னோம். தெருப்பெயர், வீட்டு எண், ஊர், 76 என்று தொடங்கும் ஐந்து இலக்கக் குறியெண் எல்லாம் சொன்னோம். கொலோனியா பெயரை விட்டுவிட்டோம். கொலோனியா என்பது நம் பேட்டை, நகர் போன்றது. அந்நாட்டில் இதால்கோ, ஹுவாரெஸ், மொரேலோஸ் என்னும் தலைவர்களின் பெயர்கள் ஊரெல்லாம் தெருக்களுக்கு உண்டு; நம்மிடம் காந்தி வீதி இருப்பது போல. ஒரே நகரத்தில் ஒரே பெயரில் பல தெருக்கள் இருக்கும். பேட்டையைச் சொல்லாவிட்டால் தபால்காரர் எந்த வாசலில் விசில் ஊதுவார்?

பார்சலுக்கு 13 குறிகள் கொண்ட ஓர் எண் கிடைத்தது: முன்னே இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்த நாடுகளுக்கெல்லாம் ஒரே முறை. 1874இல் தோன்றிய அவ்வொன்றியத்தில் இந்தியா 1876இலும் மெக்ஸிகோ 1879இலும் சேர்ந்தன. ஒன்பதாவது இலக்கம், மற்ற எட்டும் சரியா என்று பார்க்கும் காவல் இலக்கம். எங்கள் ரயில்வே சரக்கு வாகனின் 11 இலக்கங்களில் கடைசியும் அத்தகையதே. எண்ணில் பிழை நேராதபடி காவல் வைத்த மனிதன், பெயருக்கும் ஊருக்கும் காவல் வைக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். பதினாறாம் நாள் தூளியிட்டுப் பெயர் சூட்டுவதாக ஏற்பாடு. கைத்தொலைபேசியில் நாள்தோறும் எண்ணைத் தட்டிப் பார்த்தோம். பார்சல் மெக்ஸிகோ வந்தது, சுங்கம் தாண்டியது, கெரேத்தரோவுக்கும் வந்தது, பிறகு, விலாசம் போதாது என்று ஒரு வரி. அவ்வளவுதான். பதினான்காம் நாளும் ஆயிற்று. மைத்துனி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. “அத்தான், திரும்பிப் போயிருக்குமோ?” என்று மட்டும் கேட்டாள். அம்மா அருகில் இல்லாத பிரசவம். அம்மாவின் கையால் மடித்த சேலையேனும் வர வேண்டும் என்று அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது.

மறுநாள் தபால் நிலையம் சென்றோம். சகலர் ஸ்பானிய மொழியில் பேசினார். கவுண்டரில் இருந்த அம்மையார் உள்ளே சென்று பார்த்துவந்து, பார்சல் இருக்கிறது என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே அவர் மைத்துனியின் கடவுச்சீட்டைப் புரட்டி, “இந்தப் பெயர் வேறு, பார்சலில் உள்ள பெயர் வேறு” என்றார்.

உண்மைதான். அத்தை வழக்கப்படி, மகள் பெயருக்கு முன் மருமகன் பெயரின் முதலெழுத்தை இட்டிருந்தார். கடவுச்சீட்டிலோ தந்தையின் முழுப்பெயர் பின்னே இருந்தது. மெக்ஸிகோவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. திருமணமானாலும் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அங்கே ஒற்றை எழுத்தைக் காட்டி இது கணவர், இது தந்தை என்று சொன்னால் எப்படி விளங்கும்?

அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது வேறொரு கவுண்டர். எங்கள் காரியாலயத்தில் ஒருநாள், செங்கல் சூளையில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் ஊரிலிருந்து வந்த மூட்டைக்காக வந்தார். ரசீது தொலைந்துவிட்டது. அடையாள அட்டையில் ஒரு பெயர், மூட்டையில் வீட்டில் அழைக்கும் பெயர். இன்டெம்னிட்டி பாண்டு எழுதி, ஜாமீனுக்கு ஆள் கொண்டுவாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். விதி அதுதான். ஆனால் எப்படி எழுதுவது, எங்கே எழுதுவது என்று நாங்கள் சொல்லவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. அவர் இரண்டு நாள் கழித்து வந்து, மூட்டை கிடந்த நாளுக்கு வார்ஃபேஜும் கட்டிவிட்டுப் போனார்.

கெரேத்தரோ அம்மையாரும் விதியை விடவில்லை. ஆனால் ஒரு தாளை எடுத்து, வேண்டியவற்றை எண்ணிட்டு எழுதித் தந்தார்: மைத்துனி கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம், அதற்கு இரண்டு சாட்சிகள், திருமணச் சான்று, அனுப்பியவரின் ரசீது. “குழந்தைக்கா?” என்று கேட்டு, பார்சல் திரும்பிப் போகாதபடி குறித்து வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அப்போது அங்கே பகல் பதினொன்றரை. கும்பகோணத்தில் இரவு பதினொன்று. அத்தை உறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி, ரசீதைப் படமெடுத்து உடனே அனுப்பச் செய்தார். சாட்சிக் கையொப்பம் இட்டவர்கள் வீட்டுக்காரரும், அடுத்த வீட்டில் சோள ரொட்டி சுட்டு விற்கும் மூதாட்டியும். திருமணச் சான்றின் முத்திரை பெற்ற மொழிபெயர்ப்புக்குத்தான் நாளாயிற்று.

பதினாறாம் நாள் வந்துவிட்டது, பார்சல் வரவில்லை. அந்த மூதாட்டி எங்கள் முகங்களைப் பார்த்தார். உள்ளே போய்த் தம் ரெபோசோவைக் கொண்டுவந்தார். ரெபோசோ என்பது அந்நாட்டுப் பெண்கள் தோளில் போர்த்தும் நீண்ட துணி. குழந்தையை அதில் கட்டிச் சுமப்பார்கள். அவர் பிள்ளைகள் அத்தனை பேரும் கிடந்த துணியாம். அதையே உத்தரத்தில் கட்டித் தூளியாக்கினோம். தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட எங்கள் வீட்டுக் குழந்தை முதலில் உறங்கியது மெக்ஸிகோ நாட்டுப் பாட்டியின் துணியில்.

பத்தொன்பதாம் நாள் பார்சல் கைக்கு வந்தது. தையலைப் பிரித்ததும் அத்தை வீட்டு அலமாரியின் வாசனை. மைத்துனி சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். கடிதத்தில் அத்தை எழுதியிருந்தது மூன்று வரி. வசம்பைப் பற்றி இரண்டு. குழந்தையைப் பாட்டியின் சேலைக்கு மாற்றினோம். ரெபோசோவைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டார்.

அன்பர்களுக்கு நாங்கள் சொல்வது அதிகமில்லை. வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புவோர், பெறுபவரின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். அந்நாட்டார் தம் விலாசத்தை எப்படி எழுதுகிறார்களோ அப்படியே, பேட்டை உட்பட, எழுதுங்கள். தொலைபேசி எண்ணையும் சேருங்கள். சுங்கப் பத்திரத்தில் உள்ளே இருப்பதை உள்ளபடி குறியுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டது ஒன்று உண்டு. வேலைக்குத் திரும்பிய மறுவாரம், பெயர் பொருந்தாத ரசீதுடன் ஒருவர் வந்து நின்றார். விதியை விடவில்லை. ஒரு தாளை எடுத்து, வேண்டியவற்றை எண்ணிட்டு எழுதிக் கொடுத்தோம். அன்றே மாலை பாண்டுடன் திரும்பி வந்து மூட்டையைப் பெற்றுச் சென்றார்.

ஊருக்குப் போயிருந்த அத்தையின் தம்பி மகன் மூலமாகக் கும்பகோணத்திலிருந்து கெரேத்தரோவுக்கு இன்னொரு பார்சல் அனுப்பினோம். உள்ளே ஒரு நூல் சேலை, அடுத்த வீட்டு அம்மாளுக்கு. இம்முறை தந்தை வழிப் பெயர், தாய் வழிப் பெயர், கொலோனியா எல்லாம் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்தோம். தபால்காரர் அவர் வாசலிலேயே விசில் ஊதினாராம், மைத்துனி எழுதியிருக்கிறாள்.