உச்சிவேளைப் பேயும் ஓர் எழுத்தும்

வேதபாடக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வாசித்தது 91-ஆம் சங்கீதம். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் அதை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர்கள் குறைவு. பிரசவத்துக்குப் போகிறவளுக்கும் வெளியூர் புறப்படுகிறவனுக்கும் அதைச் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். கடைசி வரிசையில் இருந்த ஆச்சி மெல்ல எழுந்து என்னிடம் வந்தார்.

"ஐயா, மத்தியானத்துல பாழாக்குறதுன்னு வருதே, அது எது? உச்சி வேளையில புளியமரத்துப் பக்கம் போவாதன்னு எங்க அம்ம சொல்லுவா. அதத்தான் வேதமும் சொல்லுதா?"

நான் சிரித்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆச்சி. கொள்ளைநோயத்தான் கவிதையா அப்படிச் சொல்லியிருக்கு. பேய்க்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

ஆச்சி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் கற்பிக்கத் தொடங்கி எனக்கு அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. எதைக் கேட்டாலும் பதில் கைவசம் இருக்கிற பருவம் அது.

அடுத்த வாரம் அதே சங்கீதத்தை வகுப்புக்காக எபிரேயத்தில் விரித்தேன். நாங்கள் பயன்படுத்தும் அச்சுப்பதிப்பு லெனின்கிராட் சுவடியின் பாடத்தைத் தருவது. அந்தச் சுவடி எழுதி முடிக்கப்பட்டது 1008-ல். பக்கத்தில் கிரேக்க மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டேன். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்களே செய்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பை எழுபதின்மர் பாடம் என்போம். 6-ஆம் வசனத்தில் கை நின்றது. எபிரேயத்தில் 'யாஷூத்': பாழாக்கும். கிரேக்கத்தில் அந்த இடத்தில் 'தைமோனியோன்': பேய். ஆச்சி கேட்ட அதே உச்சிவேளைப் பேய்!

நடந்தது இதுவாக இருக்கவேண்டும். எபிரேயத்தில் உயிர்க்குறிகள் பிற்காலத்தில் வந்தவை. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான். யோத் என்ற எழுத்து சின்னக் கொக்கி மாதிரி மேலே தொங்கும். அதன் காலைக் கொஞ்சம் நீட்டினால் வாவ். பல பழைய கையெழுத்துகளில் இரண்டையும் பிரித்தறிவதே பாடு. சொல்லின் தலையில் யோத் நின்றால் 'பாழாக்கும்' என்ற வினை. அங்கே வாவ் நின்று, நடுவில் இருக்கும் வாவ் இல்லாமல் போனால் 'வெ-ஷேத்'. 'ஷேத்' என்றால் பேய். முன்னால் ஒட்டிய வாவ், தமிழில் நாம் பின்னால் ஒட்டும் 'உம்'. ஆகப் 'பேயும்'. கொக்கியின் கால் நீண்ட மாத்திரத்தில் வினை பெயராகிவிட்டது.

அந்தப் பேய் அப்புறம் நெடுந்தூரம் நடந்தது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போயிற்று. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், நடுப்பகலில் துறவியைப் பிடிக்கும் சலிப்புக்கு அதன் பெயரையே வைத்தார். பொழுது நகர மறுக்கிறதே என்று சூரியனை எட்டி எட்டிப் பார்க்கவைக்கும் பேய்! யூதர்களிடமும் கதை உண்டு. கும்ரானின் 11-ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருளில், பேய் ஓட்டும் பாடல்களோடு சேர்த்து இந்தச் சங்கீதத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். அதே வசனத்தில் வரும் 'கேதெவ்' என்ற சொல்லை ரபிகள் ஓர் உச்சிவேளைப் பேயின் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். தம்மூஸ் மாதம் 17 முதல் ஆப் மாதம் 9 வரையிலான கடுங்கோடையில் அதற்கு வீரியம் அதிகமாம். அந்த நாட்களில் அந்த வேளையில் பிள்ளைகளை அடிக்கவேண்டாம் என்று ரபி யோகனான் வாத்தியார்களுக்குச் சொன்னதாக ரபிகளின் விளக்கநூலான மித்ராஷ் சொல்கிறது.

புளியமரத்துக்குப் பயந்த ஆச்சிக்குப் பின்னால் இரண்டாயிரம் வருட வரிசை நின்றது. நான்தான் ஒற்றையாக நின்று சிரித்திருக்கிறேன்.

அன்று முதல் என் மேசையில் இரண்டு பென்சில்கள் உண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. விளங்காத ஜீவன் ஒன்று வசனத்தில் தலைகாட்டினால், அதன் பெயரைச் சிவப்பில் வட்டமிடுவேன். வாக்கியத்தின் வினைகளை நீலத்தில் அடிக்கோடிடுவேன். மாணவர்களுக்குக் கண் சிவப்பின்மேல்தான் போகும், எனக்கும் அப்படித்தான். ஆனால் வருடக்கணக்காகப் பார்த்ததில், அந்த வசனம் சொல்ல வந்தது பெரும்பாலும் நீலத்தில்தான் இருந்திருக்கிறது.

ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். வாலிபர் கூட்டத்தில் யாராவது ஒருவன் கைபேசியை நீட்டுவான். ராட்சத எலும்புக்கூட்டின் படம். "ஐயா, இவங்கதான் நெஃபிலிமா?" அந்தச் சொல்லின் வேர் 'விழு' என்பதாக இருக்கலாம், 'விழுந்தவர்கள்'. கிரேக்கர் 'கிகாந்தெஸ்' என்றார்கள். 1871-ல் முழுமையாக வெளிவந்த தமிழ்ப் பழைய திருப்புதல் 'இராட்சதர்' என்றது. அந்தச் சொல் வந்ததும் கோரைப்பல்லும் கதாயுதமும் கூடவே வந்துவிடுகின்றன; மூலத்தில் இரண்டும் கிடையாது. அதே அதிகாரத்தில் மனிதரின் பெண்களை எடுத்துக்கொள்ளும் தேவகுமாரர் யார் என்பது அதைவிடப் பெரிய வழக்கு. வானிலிருந்து இறங்கிய தூதர்கள் என்றது ஏனோக்கு நூல். எர்மோன் மலைமேல் 200 பேர் இறங்கினார்களாம். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் என்றது ஒன்கெலோஸின் அரமேய மொழிபெயர்ப்பு. சேத்தின் சந்ததி என்றார் அகுஸ்தீன். நானும் முதல் சில வருடங்கள் அகுஸ்தீன் பக்கம் நின்று அடித்துப் பேசியவன்தான். யோபுவின் முதல் அதிகாரத்திலும் அதே எபிரேயச் சொற்றொடர்தான் என்பதைத் தமிழ் வேதம் எனக்கு மறைத்துவிட்டது. அங்கே 'தேவபுத்திரர்', இங்கே 'தேவகுமாரர்'. யோபுவில் அவர்கள் பரலோக சபையில் நிற்கிறார்கள். ஒரே சொற்றொடரை இங்கே மட்டும் சேத்தின் பிள்ளைகள் என்று பிடிவாதம் பிடிக்க எனக்கு அதன்பின் வாய் வரவில்லை.

ஆனால் நீலப் பென்சிலை எடுத்ததும் வேறொன்று தெரிந்தது. கண்டார்கள், நல்லது என்று கண்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். எபிரேயத்தில் இந்த மூன்று சொற்களும் இதே வரிசையில் ஏற்கெனவே ஒரு முறை வந்திருக்கின்றன, 3-ஆம் அதிகாரத்தில். ஏவாள் கண்டாள், மரம் நல்லது என்று கண்டாள், கனியை எடுத்தாள். அங்கே ஒரு பெண் வானத்துக்குரியதை நோக்கிக் கை நீட்டினாள். இங்கே வானத்துக்குரியவர்கள் பெண்களை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். எல்லை அதே எல்லை, மீறுகிறவர்கள் மட்டும் இந்த முறை மறுபக்கத்திலிருந்து. நெஃபிலிம் வரும் வாக்கியமோ பெயரில் தொடங்குகிறது. எபிரேயக் கதையோட்டம் வழக்கமாக வினையில் தொடங்கும். பெயர் முன்னால் வந்தால், கதைசொல்லி கதையை நிறுத்திவிட்டு, 'அந்தக் காலத்தில் அவர்களும் இருந்தார்கள்' என்று ஒரு தகவலைப் போட்டுவிட்டுப் போகிறார் என்று பெரும்பாலும் அர்த்தம். அவர் ஓரமாகச் சொன்னதை நாம் நடுவில் வைத்து எலும்புக்கூடு தேடுகிறோம்.

ஏசாயா 34:14 இன்னும் நல்ல பாடம். ஏதோம் தேசம் பாழாகும் காட்சி. அங்கே 'லிலித்' வந்து தங்குவாள் என்கிறது மூலம். எபிரேய வேதம் முழுவதிலும் அந்தச் சொல் இந்த ஓரிடத்தில்தான். மெசொப்பொத்தாமியரின் 'லிலீத்து' என்ற காற்றுப்பேயின் உறவுக்காரி என்பது பலருடைய கருத்து. ஆதாமின் முதல் மனைவி என்ற கதை பைபிளில் இல்லை. இடைக்காலத்தில் எழுந்த பென் சீராவின் அகரவரிசை என்ற நூலிலிருந்து பரவியது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த சொல் 'சாக்குருவி'. ஆங்கில வேதத்தின் ஆந்தையைத் தமிழாக்கியவர்கள் அறிந்து வைத்தார்களோ அறியாமல் வைத்தார்களோ, பறவை என்றும் சொல்லலாம், கூரைமேல் உட்கார்ந்து அலறினால் வீட்டில் ஒருவர் போவார் என்ற கிலியும் கூடவே வரும். அந்த மேசையில் நான் இருந்திருந்தால் இதைவிட நல்ல சொல்லைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

வினைக்கு வருவோம். லிலித் அங்கே என்ன செய்கிறாள்? பிள்ளையைத் தூக்கவில்லை, ஆளை அடிக்கவில்லை. இளைப்பாறுகிறாள், இளைப்பாறும் இடத்தைக் கண்டடைகிறாள். 'மானோவாஹ்', 'கண்டடைந்தாள்' என்ற இந்தச் சேர்க்கை எனக்கு எங்கோ கேட்டதாக இருந்தது. சொல்லடைவைப் புரட்டினேன். நோவாவின் புறா தன் உள்ளங்கால் வைத்து இளைப்பாற இடம் கண்டடையவில்லை. புலம்பலின் முதல் அதிகாரத்தில், சிறைப்பட்டுப்போன யூதா இளைப்பாற இடம் கண்டடையவில்லை. புறாவுக்குக் கிடைக்காதது, யூதாவுக்குக் கிடைக்காதது, இந்தப் பேய்க்குக் கிடைத்துவிட்டது. ஒரு தேசம் எவ்வளவு பாழாகிவிட்டது என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்வது? லிலித் யார் என்று மாதக்கணக்கில் புத்தகம் சேர்த்த எனக்கு, அவள் உட்கார்ந்த இடத்தைப் பார்க்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

பெயரில் இடறுவது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, பிரதி எடுத்தவர்களுக்கும் இருந்தது. உபாகமம் 32:8-ல் உன்னதமானவர் ஜாதிகளுக்கு எல்லை வகுக்கிறார். யாருடைய தொகைக்குத் தக்கதாக? நம் கையில் இருக்கும் எபிரேயப் பாடத்தில் இஸ்ரவேல் புத்திரர். கிரேக்கச் சுவடிகள் பெரும்பாலானவற்றில் தேவதூதர்கள். 1952-ல் கண்டுபிடிக்கப்பட்ட கும்ரானின் 4-ஆம் குகைத் துணுக்கு ஒன்றில் தேவபுத்திரர். மூத்த பாடம் கடைசியாகச் சொன்னதுதான் என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். பல தெய்வ வாசனை அடிக்கிறதே என்று யாரோ ஒருவர் கை கூசியிருக்கவேண்டும். பெயர் மூன்று தடவை சட்டை மாற்றியது. எல்லை வகுத்தார் என்ற வினை மூன்றிலும் அப்படியே நிற்கிறது.

அகழாய்வும் பெயர் ஆசையைத் தூண்டுவதுதான். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவுக்கு அருகே 1928-ல் ஓர் உழவரின் கலப்பை ஒரு கல்லறையில் முட்டியது. மறு வருடம் தோண்டத் தொடங்கியபோது உகாரித் நகரம் வெளிப்பட்டது. அதன் களிமண் பலகைகளில் ஏல் தெய்வத்தின் சபை இருக்கிறது, அத்திரத் தேவியின் எழுபது பிள்ளைகள் இருக்கிறார்கள். 82-ஆம் சங்கீதத்தில் தேவன் தேவர்களின் நடுவே நியாயம் விசாரிப்பதை இந்தப் பலகைகள் இல்லாமல் நான் இன்று பாடம் நடத்த மாட்டேன். ஆனால் அவை எனக்குக் காட்டுவது மண்டபத்தையும் ஆசனங்களையும்தான். சங்கீதத்தில் அந்தத் தேவர்களுக்குக் கிடைப்பது மரணத் தீர்ப்பு. திக்கற்ற பிள்ளைக்கு நியாயம் செய்யாததால், மனிதரைப்போலச் சாவீர்கள் என்று. அந்தத் தீர்ப்புக்காகத்தான் சபையே கூட்டப்பட்டது.

என் நீலப் பென்சில் தோற்ற இடமும் உண்டு. யாத்திராகமம் 4:24 முதல் 26 வரை. வழியில், தங்குமிடத்தில், கர்த்தர் 'அவனை' எதிர்கொண்டு கொல்லப் பார்த்தார். மோசேயின் மனைவி சிப்போராள் கூர்மையான கல்லை எடுத்து மகனின் நுனித்தோலை அறுத்து, 'அவன்' கால்களில் தொடுகிறாள். வினைகளெல்லாம் பட்டப்பகல்போலத் தெளிவு. 'அவன்' மோசேயா, பிள்ளையா? யாருடைய கால்? எதற்காகக் கோபம்? அங்கே வந்தால் நான் இரண்டு பென்சிலையும் கீழே வைத்துவிடுவேன். இந்த வேலையில் எனக்குக் கடைசியாக வந்த பழக்கம் அதுதான்.

ஆச்சியைத் திரும்பப் பார்க்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அதே கூடம், அதே பாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றேன். கிரேக்கத்தில் பேய் என்றே இருக்கிறது, எபிரேயத்தில் அப்படி இல்லை, ரபிகளும் நீங்கள் சொன்ன மாதிரியே நினைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி ஐயா. அப்ப மரத்தடியில போவலாமா, கூடாதா?"

வேதத்தை விரித்தேன். இரவின் பயங்கரம், பகலின் அம்பு, இருளின் கொள்ளைநோய், மத்தியானத்துச் சங்காரம். சிவப்பில் வட்டமிட நான்கு பெயர்கள். எபிரேயத்தில் இந்த நான்கையும் ஆளும் வினை ஒன்றே ஒன்றுதான், அதுவும் எதிர்மறையில், வாக்கியத்தின் தலையிலேயே நிற்கிறது. கிரேக்கத்தில் பேய் நுழைந்த பிறகும் அந்த வினை இடம் மாறவில்லை. அதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"பயப்படமாட்டாய்னு இருக்கு ஆச்சி."

ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான், அம்ம போவாதன்னு சொல்லுவா. ஆனா புளி உலுக்குற நாள்ல அவளேதான் உச்சி வெயில்ல அங்கன நிப்பா" என்றார்.