பூ என்று சொல்லாத பூக்கள்

பூ என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை மல்லிகையும் தாமரையும் ரோஜாவும்தான். மணம் வேண்டும், நிறம் வேண்டும். அப்போதுதான் பூ என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எங்கள் முத்துப்பேட்டைப் பகுதிக்குச் சோறு போடுவதும், கடலோரத்தைக் காப்பதும் யாரும் பூ என்று சொல்லாத இரண்டு பூக்கள். ஒன்று நெற்பூ, மற்றொன்று அலையாத்திப் பூ.

தாவரவியல் மாணவர்கள் முதலில் கற்பது பூவின் நான்கு வட்டங்களை. வெளியே மொட்டைக் காக்கும் புல்லிவட்டம், அடுத்து வண்டுகளை அழைக்கும் அல்லிவட்டம், அதற்குள் மகரந்தத்தாள் வட்டம், நடுவில் சூலகம். முன்னிரண்டும் துணை உறுப்புகள். பின்னிரண்டும் இனப்பெருக்க உறுப்புகள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர். செம்பருத்தியை நெடுக்காக வெட்டி ரெக்கார்டு நோட்டில் நான் படம் வரைந்தபோது, "பூவை அறுத்துப் பாக்குறதுக்கா தம்பி காலேஜ் வரைக்கும் போவணும்?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. அதற்கான விடை எங்கள் வயலிலேயே இருந்தது.

நெற்பூவுக்கு இதழ் கிடையாது. நாம் உமி என்று தூற்றிவிடும் இரண்டு செதில்களே அதன் கதவுகள். உள்ளே ஆறு மகரந்தத்தாள்களும், இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் இருக்கின்றன. வெயில் ஏறும் காலை வேளையில் கதவு திறக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும் பூ இது. சூல்முடியில் விழுந்த மகரந்தத் துகள் குழாயாக நீண்டு சூலை அடைகிறது. அது கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று கருவூணை உண்டாக்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை ரஷ்ய அறிஞர் நவாஷின் 1898-இல் லில்லி இனச் செடிகளில் கண்டறிந்தார். நாம் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி அந்தக் கருவூண்தான்!

ஒரு சம்பாவில் கதிர் பூக்கும் நாட்களில் விடாத மழை. அறுத்துத் தூற்றியபோது பாதிக்கு மேல் பதர். பாட்டி அதைச் சாமி குற்றம் என்றார். குத்தகை நெல் அளந்தபின் வீட்டில் மிஞ்சியது கடன்தான். மழையில் மகரந்தம் கெட்டால் கருவுறுதல் இல்லை, கருவுறாத பூவே பதர் என்று வகுப்பில் கேட்டபோது, அந்த வருடத்துக் களம் என் கண்முன் நின்றது. அப்பாவிடம் சொன்னேன். "அதான் கதிர் பூக்கையில காலையில மருந்து அடிக்க மாட்டோம்" என்றார். காரணம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்தது. காரியம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

வயலைத் தாண்டித் தெற்கே போனால், பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் உப்பங்கழியில் அலையாத்திக் காடு. அதன் பூ மிகச் சிறியது. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நான்கு இதழ்கள், நான்கு மகரந்தத்தாள்கள். முதலில் மகரந்தம் முதிர்கிறது; பிறகே சூல்முடி பக்குவமாகிறது. எனவே ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லத் தேனீ போன்ற பூச்சிகள் வேண்டும்.

இதன் விதை உறங்குவதில்லை. உப்புச் சேற்றில் விழுந்த பிறகு முளைப்பது கடினம் என்பதால், தாய்மரத்தில் கனிக்குள் இருக்கும்போதே கரு வளர்ந்துவிடுகிறது. நீரில் விழுந்ததும் தோல் கழன்று மிதந்து, சேறு தட்டிய இடத்தில் வேர்விடுகிறது. தாங்கள் படிக்காமல் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோரை இந்த மரம் எனக்கு நினைவூட்டுகிறது.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது நான் எட்டாம் வகுப்பு மாணவன். காற்றில் மரங்கள் முறிந்தன, நின்றவையும் இலையிழந்தன. பூவும் விதையும் இல்லாமல் அந்தக் காடு திரும்பாது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்து, கரையில் அதன் விதைகளை ஊன்றுவது இங்கே வனத்துறை கையாளும் முறை. நன்னீர் வரத்தும் ஓதமும் தடைபடாமல் இருந்தால்தான் அந்த விதைகள் பிழைக்கும்.

நண்பர்களே, வரும் சம்பாவில் கதிர் வெளிவந்ததும் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு லென்சுடன் வரப்பில் நின்று பாருங்கள். உமி திறப்பதைப் பார்க்கலாம். வயலுக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள்!