கண்ணாடிப் படகில் ஆயா



இந்த மாதச் சுவர் இதழுக்கு "நான் பார்த்த ஊர்" என்ற தலைப்பில் எழுதித் தரும்படி தமிழம்மா சொன்னார். நான் அந்தமான் போய் வந்ததை எழுதுகிறேன். எட்டாவது படிக்கும்போது இதை வகுப்பில் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. "கப்பல்லயா? நீயா? அப்போ பவளம் எடுத்துட்டு வந்து காட்டு" என்று கேட்டார்கள். என்னிடம் பவளம் இல்லை. ஏன் இல்லை என்பதையும் இதில் எழுதியிருக்கிறேன்.

இதில் எங்கள் வீட்டு விஷயமும் வருகிறது. எழுதலாமா என்று ஆயாவிடம் கேட்டேன். "எழுதுடி. திருடுனதா எழுதப்போற? நடந்ததைத்தானே எழுதப்போற" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு அத்தை. நான் பிறப்பதற்கு முன்பே, 2006இல், கல்யாணம் ஆகி அந்தமானுக்குப் போய்விட்டார். மாமாவின் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே போர்ட் பிளேயருக்குப் போய்த் தங்கிவிட்ட குடும்பம். மாமா வேலை பழக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்தவர். அப்பாவும் அவரும் ஒரே பட்டறையில் லேத்தில் வேலை பார்த்த சிநேகிதர்கள். அப்பாதான் ஒரு தீபாவளிக்கு அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தாராம். பிறகு அத்தை அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றதும், "என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே துரோகம் பண்ணிட்டான்" என்று அப்பாவுக்குக் கோபம். கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. 2015இல் தாத்தா இறந்தபோது அத்தை போனில் அழுதார். "நீ வரவேணாம்" என்று அப்பா போனை வைத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அத்தை பெயரையே யாரும் சொல்வதில்லை.

ஆயா மட்டும் பகலில், அப்பா வேலைக்குப் போனபிறகு, அம்மாவின் போனில் பேசுவார். குரல் விட்டு விட்டு வரும். அந்தமானுக்கு அப்போது இன்டர்நெட் மிகவும் மோசம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் வேறு சில தீவுகளுக்கும் கடலுக்கு அடியில் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுத் திறந்தார்கள். அதன்பிறகு வீடியோவில் முகம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதற்குள் ஆயாவுக்குக் கண்ணில் புரை வந்துவிட்டது. "கேபிளு வந்த நேரம் என் கண்ணு போச்சு. ஒரே பொகையா தெரியுறா" என்று ஆயா சொல்வார்.

2024இல் ஒருநாள் ஆயா முந்தியிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்து வைத்தார். நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. "கண்ணு முழுசா மூடுறதுக்குள்ள எம் பொண்ணைப் பார்க்கணும். யார் வந்தாலும் வராட்டியும் நான் போறேன்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாமாவின் தம்பி அப்போது சென்னைக்கு வந்திருந்தார். அவர் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆயாவுக்குத் துணையாக நான். ஏழாவது பரீட்சை ஏப்ரல் 23ஆம் தேதி முடிந்தது. அந்த வாரமே கிளம்பினோம்.

ஆவடியில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் நம் பள்ளிக்கூடத்தை விடப் பெரியது. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் பங்க். ரயில் படுக்கை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் ஆகும். முதல் நாள் நானும் ஆயாவும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். ஆயா ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு, "பொண்ணைத் தூரமா குடுக்காதேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முனகினார். இரண்டாம் நாள் பழகிவிட்டது. மேலே போய்ப் பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். நம் துறைமுகத்தில் பச்சையாக இருந்த கடல் நீலமாகி, பிறகு பேனா மை மாதிரி ஆகிவிட்டது. பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து மறுபடி தண்ணீருக்குள் விழுந்தன.

மூன்றாம் நாள் ஹாடோ துறையில் இறங்கினோம். அத்தை கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போனில் பார்த்திருந்ததால் கண்டுபிடித்துவிட்டேன். ஆயாவுக்குத் தெரியவில்லை. அத்தை வந்து கையைப் பிடித்ததும் ஆயா அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். இருவர் விரலிலும் ஓட்டுப் போட்ட மை அழியாமல் இருந்தது. தமிழ்நாட்டிலும் அந்தமானிலும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில்தான் தேர்தல் நடந்தது. ஆயா பேசவே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இப்போது ஊரைப் பற்றி எழுதுகிறேன். அந்தமான் நிக்கோபாரில் 500க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. அவற்றில் கொஞ்சத்தில்தான் மக்கள் வாழ்கிறார்கள். போர்ட் பிளேயர் தலைநகரம். எல்லாத் தெருவும் மேடும் பள்ளமுமாக இருக்கும். எந்தத் தெருவின் முனையில் நின்றாலும் கடல் தெரியும். கடைத்தெருவில் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து கேட்கும். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே நின்றால் ஆவடியில் இருப்பது போலவே இருந்தது. காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டிவிடுகிறது. சமூக அறிவியலில் படித்தோமே, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று. சென்னை 80 பாகை, போர்ட் பிளேயர் ஏறக்குறைய 93 பாகை. பதின்மூன்றை நாலால் பெருக்கிப் பாருங்கள். சூரியன் நமக்குச் சுமார் 50 நிமிடம் முன்னாடியே அங்கே வந்துவிடுகிறது. கடிகாரம் மட்டும் ஒன்றுதான்.

செல்லுலார் சிறைக்கும் போனோம். வெள்ளைக்காரர்கள் சுதந்திரப் போராட்ட வீரர்களை அடைத்த இடம். 1906இல் கட்டி முடித்தார்கள். ஏழு கிளைகளில் இன்று மூன்றுதான் இருக்கின்றன. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாதபடி அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். "பேச ஆளில்லாம பண்றதுதான் பெரிய தண்டனை" என்று அத்தை சொன்னார். அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அமைதியாக இருந்தார்.

இன்னொரு நாள் சிடியா டாப்பு என்ற இடத்துக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மழைக்காடு. மரங்கள் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். சில மரங்களுக்கு அடியில் வேர்கள் பலகை நட்டது மாதிரி என்னைவிட உயரமாக நிற்கின்றன. மண் ஆழமில்லாத இடத்தில் சாயாமல் நிற்பதற்கு அந்த வேர் என்று மாமா சொன்னார். படாக் என்ற மரத்தின் உள்கட்டை சிவப்பாக இருக்கும். சாத்தாம் என்ற இடத்தில் 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலையில் அந்தக் கட்டையைப் பார்த்தேன். சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு மழை அங்கே பெய்கிறது. அதனால்தான் அவ்வளவு காடு. ஆஸ்திரேலியாவில் கெயின்ஸ் என்று ஒரு நகரம் உண்டு, அதற்கும் ஒரு பக்கம் பவளப்பாறை, மறுபக்கம் மழைக்காடு என்று நம் அறிவியல் ஆசிரியர் பிறகு சொன்னார். அதேபோன்ற ஊர் நம் இந்தியாவிலேயே இருக்கிறது, அதற்குச் சென்னையிலிருந்தே கப்பல் போகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஜாலி பாய் என்ற தீவுக்குப் பவளப்பாறை பார்க்கப் போனோம். வண்டூர் என்ற இடத்தில் படகு ஏற வேண்டும். அது 1983இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் பகுதி. பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. பையைத் திறந்து பார்த்தார்கள். ஆயாவின் வெற்றிலைக் கவரைப் பிடுங்கிவிட்டார்கள். ஆயா வெற்றிலையை முந்தியில் முடிந்துகொண்டு, "நம்ம ஏரிக்கரையில இப்பிடி ஒருத்தன் நின்னிருந்தா ஏரி உருப்பட்டிருக்கும்" என்றார்.

அங்கே அடிப்பாகம் கண்ணாடியாக இருக்கும் சின்னப் படகில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்து "ஆ! ஆ!" என்றார்கள். ஆயாவும் குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, மெதுவாக, "எனக்கு ஒன்னும் தெரியலடி. இன்னா இருக்குதுன்னு சொல்லு" என்றார். அத்தைக்கு அப்போதுதான் ஆயாவின் கண் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "ஆயா, மூளை மாதிரி ஒரு கல்லு. பக்கத்துல மான் கொம்பு மாதிரி நிறைய. டீக்கடை மேசை மாதிரி தட்டையா ஒன்னு. உன் கல்யாணப் புடவை கலர்ல ஒரு மீனு. ஒரு செடி கையைக் கையை ஆட்டுது, அதுக்குள்ள ஆரஞ்சு மீனு ஒளிஞ்சு விளையாடுது." படகுக்காரரும் தமிழ்தான். "அது செடியில்ல பாப்பா, உயிருள்ள பிராணி. கல்லுன்னு சொன்னியே அதுவும் பிராணிதான்" என்றார். பவளம் என்பது கடுகு மாதிரிச் சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் வீடாம். அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் பாசிக்கு இடம் கொடுக்கும். அந்தப் பாசியால்தான் பெரும்பாலும் அதற்கு நிறம்.

கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தது. சுண்ணாம்பு அடித்த மாதிரி. அதையும் ஆயாவிடம் சொன்னேன். "செத்துப்போச்சா?" என்று ஆயா கேட்டார். "இல்ல பாட்டி. தண்ணி சூடாயிட்டா பவளம் பாசியை வெளியே தள்ளிடும். அப்புறம் சோறு இல்லாம வெளுத்துப்போகும். இது பட்டினி கிடக்குது. சீக்கிரம் சூடு தணிஞ்சா பாசி திரும்ப வரும், பொழைச்சுக்கும். ரொம்ப நாள் ஆயிட்டா செத்துடும். 2010ல இப்பிடித்தான் நிறைய வெளுத்துச்சு" என்றார் படகுக்காரர்.

ஆயா கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவமும் அப்பிடித்தாண்டி. ரொம்ப நாள் ஆவறதுக்குள்ள தணியணும்" என்றார். என்னைப் பார்த்து, "இதை உங்கப்பன்கிட்ட போய் அப்பிடியே சொல்லு" என்றார்.

கரையில் இறங்கியதும் உடைந்த பவளத்துண்டு ஒன்று கிடந்தது. விரல் நீளம். வகுப்பில் காட்டலாம் என்று பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். படகுக்காரர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "1972 வனவிலங்குச் சட்டப்படி பவளம் எடுக்கிறது குற்றம். அதைவிட, வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு துண்டு எடுத்தா கரை இருக்காது" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தோழிகளே, உங்களுக்கு நான் பவளம் கொண்டுவராத காரணம் இதுதான்.

திரும்பி வந்ததும் அப்பா, "கப்பல்ல வாந்தி எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். ஆயா சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. பயம். பவளத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். சூடு தணிந்தால் பிழைக்கும் என்பது வரைக்கும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவருக்குப் புரிந்ததா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் செப்டம்பர் 13ஆம் தேதி. டி.வி. செய்தியில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றுவதாக அறிவித்தார்கள். சுதந்திரப் போராட்டத்தின் வெற்றியைக் குறிக்கும் பெயராம் அது. அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தாம்மா, உம் பொண்ணு ஊருக்குப் பேரு மாத்திட்டாங்களாம்" என்று ஆயாவிடம் சொன்னார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். என் நினைவு தெரிந்து அத்தையைப் பற்றி அப்பா பேசியது அதுதான் முதல் தடவை.

2025 பொங்கலுக்கு அத்தை வந்தார். விமான நிலையத்துக்கு அப்பாதான் போனார். மாமாவுடன் இன்னும் போனில் இரண்டு வார்த்தைதான் பேசுகிறார். ஆனாலும் பேசுகிறார். அரசு மருத்துவமனையில் ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் இலவசமாகச் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அத்தையை எதிரில் நிற்க வைத்தோம். ஆயா உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இவ்ளோ நரைச்சுப்போச்சு! தலைக்கு எண்ணெய் வெக்கிறதில்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

கடைசியாக ஒன்று. நாங்கள் போவதற்குச் சில நாள் முன்பு, 2024 ஏப்ரல் 15 அன்று, உலகம் முழுவதும் பவளங்கள் நான்காவது முறையாக வெளுத்துக்கொண்டிருக்கின்றன என்று அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனம் அறிவித்ததாம். நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோல் புகையால் பூமி சூடாவதுதான் காரணம் என்று அறிவியல் ஆசிரியர் சொன்னார். நம்மூரில் பவளம் இல்லை. ஏரி இருக்கிறது. வீட்டில் பேசாமல் இருக்கும் சொந்தக்காரர்களும் எல்லோருக்கும் இருப்பார்கள். இரண்டையும் ரொம்ப நாள் அப்படியே விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி