அறிவிப்பு மட்டும் போதுமா?



என் மகன் கணினியில் ஒரு கதை விளையாட்டை எழுதி வருகிறான். அதில் படங்கள் இல்லை, எழுத்து மட்டுமே. விளையாடுபவர் விளக்கை எடு, கதவைத் திற என்று ஆங்கிலத்தில் கட்டளையிட்டால் கதை அதற்கேற்ப நகரும். சென்ற மாதம், 'கேம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் சினந்து கணினியின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். அவன் சேமிக்காதிருந்த பக்கங்கள் அழிந்தன. உண்மை தெரிந்த பிறகு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

பின்னர் ஒருநாள் அவனருகில் அமர்ந்தேன். அவன் பயன்படுத்துவது இன்ஃபார்ம் 7. கிரஹாம் நெல்சன் உருவாக்கி, 2006இல் வெளியிட்ட மொழி. எடுத்தல், வைத்தல், திறத்தல் போன்ற செயல்களை அது முன்பே அறியும். 'சாரி' என்ற சொல்லும் அதற்குத் தெரியும். ஆனால் அதைத் தட்டினால் மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்ற பொருளில் ஒரு வரி வரும். கதையில் எதுவும் மாறாது.

மகனின் கதையிலோ, நன்னிமாவின் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த சிறுவன் அவரிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். ஆகவே அவன் புதியதொரு செயலை வரையறுத்தான். முதலில் செயலுக்குப் பெயரிட்டு, அது எத்தனை பொருள்களைச் சார்ந்தது என்று அறிவிக்க வேண்டும். அடுத்து, விளையாடுபவர் எந்தெந்தச் சொற்களைத் தட்டினால் அச்செயலாகக் கொள்வது என்று எழுத வேண்டும். அதன்பின் மூன்று வகை விதிகள். 'செக்' விதி, செயலுக்கு உரிய நிபந்தனை நிறைவேறியதா என்று பார்த்து, இல்லையெனில் தடுக்கும். 'கேரி அவுட்' விதி கதையுலகில் மாற்றத்தை நிகழ்த்தும். 'ரிப்போர்ட்' விதி நடந்ததை விளையாடுபவருக்குச் சொல்லும்.

நான் விளையாடிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டதும், நன்னிமா புன்னகைத்தார் என்று திரை சொன்னது. உடனே நன்னிமாவை உற்றுப் பார்க்கக் கட்டளையிட்டேன்; அவர் இன்னும் கோபமாகவே இருந்தார்!

மகன் நிரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரிப்போர்ட் மட்டும்தான் எழுதியிருக்கேன் அத்தா. கேரி அவுட் எழுத மறந்துட்டேன். வெளியே செய்தி வருது, உள்ளே ஒண்ணும் மாறலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறர் உரிமையைப் பறித்தவர் அதைத் திருப்பி ஒப்படைக்காமல் தவ்பா நிறைவடையாது என்று மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். என் பிரியாணியும் வெறும் ரிப்போர்ட்தான்.

அன்று இஷா தொழுகைக்குப் பிறகு அவனிடம் சொன்னேன்: "விசாரிக்காமல் கோபப்பட்டது என் தவறு. அத்தாவை மன்னித்துவிடு." அவன் தலைகுனிந்து, "சரி அத்தா" என்றான். அழிந்த பக்கங்களை அவன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ஆங்கிலத் தட்டச்சில் நான் மெதுவானவன். அவற்றை எழுதி முடிக்க மூன்று இரவுகள் ஆயின.