எந்தக் கோயில் மொட்டை?

2025 ஏப்ரலில் இருந்து இந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன்னு எண்ண முடியாது. வகுப்புத் தோழிகள், எங்க வட்டத்து ஆன்ட்டிகள், பால்காரர், பஸ்ஸில் பக்கத்துல உட்கார்ந்த முன்பின் தெரியாத பாட்டி... எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன். வில்லுடையான்பட்டு முருகன் கோயில். பங்குனி உத்திரம், ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. இந்தப் பொங்கல் அன்னைக்கு முடியோட நீளம் பத்தரை சென்டிமீட்டர். ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் வச்சு அளந்தது, அதனால சந்தேகம் வேண்டாம்!

வேண்டுதல் என்னோடது இல்லை, எங்க ஆயாவோடது. அம்மாவுக்கு 2024 கடைசியில கேன்சர்னு தெரிஞ்சது. புதுச்சேரிக்குப் போய்ப் போய் கீமோதெரபி எடுத்தாங்க. "மருந்தெல்லாம் நல்லபடியா முடிஞ்சா என் தலைமுடியை எறக்குறேன் முருகா"ன்னு ஆயா வேண்டிக்கிட்டாங்க. மார்ச் மாசம் கடைசி கீமோ முடிஞ்சது. நானும் ஆயாகூட உட்கார்றேன்னு சொன்னதும் வீட்ல பெரிய சண்டை. இடுப்பு வரைக்கும் முடி எனக்கு. "வயசுக்கு வந்த பொண்ணு மொட்டை போடுவாளா? வேணும்னா பூமுடி குடு, போதும்"னு அம்மா. பூமுடின்னா நுனியில கொஞ்சமா வெட்டிக் காணிக்கை குடுக்கறது. எனக்கு அது போதாது. நான் உட்கார்ந்ததுக்குக் காரணம் பக்தி மட்டும் இல்லைங்கிறது அந்த முருகனுக்கும் தெரியும்.

கீமோவுல அம்மாவுக்கு முடி பூராவும் கொட்டிப்போச்சு. வேகமாப் பெருகுற செல்களை அந்த மருந்து தாக்கும். முடியோட வேர்ல இருக்கிற செல்களும் வேகமாப் பெருகுறவை, அதனால அதுவும் மாட்டிக்குது. இதை டாக்டர் சொன்னப்ப அம்மா தலையாட்டிக் கேட்டுக்கிட்டாங்க. ஆனா மெயின் பஜாருக்குப் போறதை நிறுத்திட்டாங்க. ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு ஒருநாள் காய் வாங்கப் போனப்ப ஒருத்தர் "உச்"சுன்னு ஒரு சத்தம் போட்டாராம். அந்த "உச்" எங்க வீட்ல மூணு மாசம் கேட்டுக்கிட்டே இருந்தது. டோப்பா வாங்கிக்கோன்னு சொன்னாங்க, வாங்கினோம். நெய்வேலி வெயில்ல அரை மணி நேரம் தாங்கலை. அது இப்ப பீரோ மேல தூங்குது.

(திருப்பதி மாதிரி பெரிய கோயில்கள்ல காணிக்கை முடியை ஏலம் விடுவாங்க, அதுல நல்ல நீள முடி டோப்பாவா மாறி வெளிநாடு வரைக்கும் போகும். யாரோ ஒருத்தியோட வேண்டுதல்தான் எங்க பீரோ மேல இருக்கோன்னு அடிக்கடி நினைப்பேன்.)

மொட்டை அடிக்கிற இடத்தைப் பத்திச் சொல்லணும்னா... தலையில தண்ணியை ஊத்தித் தேய்ச்சதும் குளிர், கத்தி பட்டதும் "கரகர", மடியில என் ஜடை பாம்பு மாதிரி விழுந்தது. சந்தனம் தடவினப்பதான் தெரிஞ்சது, தலைக்கும் காத்து படும்னு! ஆயா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, நான் ஆயாவைப் பார்த்துச் சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசல்ல நின்னு எண்ணினார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு... என்னோடதையும் சேர்த்தா மூணே முக்கால்." அம்மா அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு வாய்விட்டுச் சிரிச்சாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் பஜார் போனோம். அம்மா ஸ்கார்ஃப் கட்டலை. அங்கே நடந்ததை நான் எதிர்பார்த்தேன், ஆனா இவ்வளவு சுலபமா நடக்கும்னு நினைக்கலை. எல்லாரும் எங்களைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தக் கோயில்?" குடும்பத்தோட வேண்டுதல்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நம்ம ஊர்ல மொட்டைத் தலைக்குப் பதில் தயாரா இருக்கு, பாருங்க. பழனியா, சமயபுரமா, திருப்பதியா? வேளாங்கண்ணியிலயும் போடுறாங்க, நாகூர் தர்காவிலயும் போடுறாங்க. எந்த மதமா இருந்தாலும் யாரும் "உச்" கொட்ட மாட்டாங்க. தக்காளிக்காரம்மா அம்மாவைக் கும்பிட்டு ரெண்டு தக்காளி கூடப் போட்டாங்க!

சிக்கல் ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். முடி வளர ஆரம்பிச்சது.

மொட்டைக்குப் பதில் இருக்கு. ரெட்டை ஜடைக்கு யாரும் கேள்வியே கேட்கப் போறதில்லை. நடுவுல இருக்கிற அரைகுறை முடிக்குத்தான் பதிலே இல்லை. ஜூன் 2 பள்ளி திறந்தப்ப எனக்கு ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அத்தனையும் ஆணி மாதிரி நேரா நிக்குது. அது பண்ருட்டிப் பலா சீசன் வேற. என் பேர் 'பலாக்காய்' ஆச்சு. வச்சவங்க யாருன்னு 9-ஆம் வகுப்புக்கே தெரியும், பேர் போடலை, பிழைச்சுப் போங்க! பஸ்ல ஒரு தாத்தா "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு"ன்னார். தோடு, பாவாடை, துப்பட்டா எதுவும் அவர் கண்ணுல படலை. "பேன் தொல்லையா?", "டைபாய்டா?", "ஸ்டைலுக்கு வெட்டிக்கிட்டியா?" இப்படி மாசத்துக்கு ஒரு கேள்வி. ஆகஸ்ட்ல காதுக்கு மேல ரெண்டு பக்கமும் இறக்கை முளைச்சது. எண்ணெய் வச்சா படியும், மூணாவது பீரியடுக்குள்ள திரும்ப எழுந்துடும். அக்டோபர்ல முன்முடி கண்ணுல விழுந்துச்சு, பின்னாடி கழுத்துல வாலு மாதிரி நீண்டுச்சு. வேண்டிக்கிட்ட முடியில கத்தரிக்கோல் படக்கூடாதுன்னு ஆயா. வாலை மட்டும் கொஞ்சம் நறுக்கினா மேல் முடி அதை எட்டிப் பிடிக்கும்னு அப்பா. ஆயா தூங்குற நேரமாப் பார்த்து அப்பா நறுக்கிட்டார். ஆறு கருப்பு ஹேர்பின், ஒரு ஹேர்பேண்ட், இதுதான் டிசம்பர் வரைக்கும் என் ஆயுதம். வகுப்பாசிரியை ரிப்பனுக்குப் பதிலா ஹேர்பேண்ட் போட அனுமதி குடுத்தாங்க, அவங்களுக்கு நன்றி.

"மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்"னு எனக்கு ஆறுதல் சொன்னவங்க அத்தனை பேருக்கும் ஒரு தகவல். அது உண்மை இல்லை. அறிவியல் டீச்சர்கிட்ட கேட்டேன். கத்தி வெட்டறது வெளியில இருக்கிற உயிரில்லாத பாகத்தை. வேர் தோலுக்கு அடியில இருக்கு, மேல நடக்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது. வெட்டின முனை மொட்டையா இருக்கறதாலதான் முரடாத் தெரியுதாம். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், இல்லை அதுக்குக் கொஞ்சம் மேல. தலையில சுமார் ஒரு லட்சம் முடி, எல்லாம் இதே வேகம்தான். நான் வெங்காயச் சாறு, கறிவேப்பிலை எண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஸ்கேல் அசையவே இல்லை, வாடைதான் மிச்சம்.

அம்மாவுக்கும் ஏப்ரல் கடைசியில பூனைமுடி மாதிரி எட்டிப் பார்த்துச்சு. ஞாயித்துக்கிழமைதோறும் ரெண்டு பேரும் ஸ்கேலோட கண்ணாடி முன்னாடி நிப்போம். என்னோடது நேரா வளருது, அவங்களோடது சுருண்டு சுருண்டு வருது! முன்னாடி அம்மாவுக்குக் கோரைமுடி. கீமோ முடிஞ்சு வர்ற முடி கொஞ்ச நாள் இப்படிச் சுருட்டையா வர்றது உண்டாம். இழுத்துப் பிடிச்சு அளந்தா அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆயாவோடது பஞ்சு மாதிரி வெள்ளையா வந்துச்சு. அப்பாவுக்குச் சுரங்கத்துல வேலை. எங்க மூணு பேரையும் பார்த்து, "மேல்மண்ணை எடுத்தாச்சு, நிரப்பியாச்சு, இப்ப மரம் வளர்க்கிற கட்டம்"னு சொல்லிட்டு செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிடுவார். மண்மேட்டுல வளர்ந்த காட்டைப் பார்த்தவங்களுக்கு இந்த ஜோக் புரியும்.

இவ்வளவு நடந்தும், கேள்வி கேட்கிறவங்க முன்னாடி அம்மா "வேண்டுதல்"னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. நானும் சேர்ந்து தலையாட்டுவேன். மார்கழியில ஒருநாள் காலையில அம்மா வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க, நான் பக்கத்துல கலர்ப்பொடி டப்பாவோட. வாக்கிங் போன ஒரு ஆன்ட்டி நின்னு, "என்னங்க, அம்மாவும் பொண்ணும் ஒரே மாதிரி பாய் கட்டா?"ன்னாங்க. நான் வழக்கம்போல "வில்லுடையான்பட்டு..."ன்னு ஆரம்பிச்சேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாங்க. "எனக்கு கேன்சர் வந்துச்சுங்க. முடி கொட்டிடுச்சு. இப்ப வளருது"ன்னு சொல்லிட்டு அடுத்த புள்ளியை வச்சாங்க.

அந்த ஆன்ட்டி "உச்" கொட்டலை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னாங்க. அப்புறம், "சுருட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கு. இது எத்தனை புள்ளி?"ன்னு கேட்டாங்க. பதினஞ்சு, இடைப்புள்ளி எட்டுல நிறுத்தம்னு அம்மா சொன்னாங்க.

இந்தத் தாளை சுவர் இதழுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட காட்டினேன். "வில்லுடையான்பட்டுல ரெண்டு தப்பு இருக்கு, திருத்து. கேன்சர்னு எழுதியிருக்கியே, அதை அடிக்காதே"ன்னாங்க.

ரெட்டை ஜடை மடிச்சுக் கட்ட இருபத்தஞ்சு சென்டிமீட்டராவது வேணும். மாசம் ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா இன்னும் பதிமூணு மாசம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஹாலுக்கு ரிப்பனோட போயிடலாம்னு கணக்கு வருது. அம்மாவுக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவை செக்கப் இருக்கு, அடுத்தது மாசி மாசம். ஜடை எல்லாம் வேண்டாமாம் அவங்களுக்கு, சுருட்டையே பிடிச்சுப் போச்சாம். ஆயா மட்டும் இந்தப் பங்குனிக்கும் மொட்டைக்கு ரெடி. கேட்டா, "வெயிலுக்கு நல்லாருக்குடி"ங்கிறாங்க.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி