நால்வர் அணி தரும் பாடம்

“கூடி வாழ்ந்தால் கோடி நன்மை” என்பது நம் முன்னோர் வாக்கு. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடைக்கும் இது பொருந்தும். அங்கே வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்படுகிறது. என்றாலும் சில அணிகளே மக்கள் மனத்தில் நிலைத்தன.

1986-ஆம் ஆண்டில் ரிக் ஃப்ளேர், ஆர்ன் ஆண்டர்சன், ஓலி ஆண்டர்சன், டல்லி பிளாஞ்சர்ட் ஆகிய நால்வரும் ‘நான்கு குதிரை வீரர்கள்’ எனப் புகழ்பெற்றனர். திருவெளிப்பாடு 6-ஆம் அதிகாரத்தில் நாம் படிக்கும் குதிரை வீரர்களே இப்பெயருக்கு மூலம். நான்கு விரல்களை உயர்த்துவது அவர்களது அடையாளம். ஃப்ளேர் உலகப் பட்டம் தாங்கினார், ஆர்ன் தோள் கொடுத்தார், ஜே. ஜே. தில்லன் மேலாளராக இருந்தார். ஒருவர் பணியை மற்றவர் பறிக்கவில்லை.

1996-இல் ஹல்க் ஹோகன், கெவின் நாஷ், ஸ்காட் ஹால் ஆகிய மூவருடன் எழுந்த ‘புதிய உலக ஒழுங்கு’ அணி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால், அளவின்றி ஆள் சேர்த்தது, பலருக்கு அங்கே பணியே இல்லை, பொலிவிழந்தது.

இவ்விரு அணிகளும் கதையில் தீயவர்களே! பலர் கூடி ஒருவரைத் தாக்கும் ஒற்றுமை நமக்கு வேண்டாம். வகுப்பறையில் நாமும் குழுக்களாகவே அமர்கிறோம். நம் குழு யாரை ஒதுக்குகிறது என்று சிந்திப்போம். தனித்து நிற்பவளை அன்புடன் அழைப்போம். அழைத்தவளுக்கு ஒரு பொறுப்பையும் கொடுப்போம். அதுவே இறைவன் விரும்பும் ஒற்றுமை!